இரண்டு முழக்கங்களும் ஒரே வாயும்

அண்மைக் காலத்தில் நம் இல்லங்களில் புழக்கத்துக்கு வந்துவிட்ட சொற்களுள் 'ஹேஷ்டேக்' என்பதும் ஒன்று. ஒரு சொல்லின் முன்னாலோ, இடைவெளியின்றிக் கோத்தெழுதிய ஒரு தொடரின் முன்னாலோ, நெடுக்கில் இரண்டும் குறுக்கில் இரண்டுமாகக் கோடுகள் கொண்ட ஒரு சிறு குறியை இடுகின்றனர். அக்குறி இடப்பெற்ற தொடரை எவர் எங்கிருந்து எழுதினாலும் அத்தனையும் ஓரிடத்தில் வந்து திரளும். நூலகத்தில் பொருள்வாரியாக அட்டை எழுதி அடுக்கி வைப்பது போன்ற ஏற்பாடுதான் இது. 2007 ஆகஸ்ட் 23இல் கிறிஸ் மெஸ்ஸினா என்னும் அமெரிக்கர், அந்நாளில் ட்விட்டர் என்றும் 2023 முதல் எக்ஸ் என்றும் பெயர் வழங்கும் ஊடகத்தில் இந்த யோசனையை முன்வைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் சான் டியேகோவில் காட்டுத்தீ மூண்டபோது செய்திகளைத் திரட்ட இக்குறி உதவிற்று. அட்டவணைக் குறியாகப் பிறந்த இது, ஆறே ஆண்டுகளில் போராட்டக் கொடியாகிவிட்டது. அக்கொடிகளுள் ஒன்றையும், அதற்கெதிராக உயர்த்தப்பட்ட கொடிகளையும் பற்றி ஈண்டுக் காண்போம்.

2012 பிப்ரவரி 26 இரவு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சான்போர்டு என்னும் ஊரில், டிரெய்வான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. சுட்டவர் ஜார்ஜ் சிம்மர்மன். அக்குடியிருப்பின் காவல் தொண்டர். தற்காப்புக்காகவே சுட்டதாக அவர் வாதிட்டார். 2013 ஜூலை 13இல் அவர் குற்றவாளி அல்லர் என ஜூரிகள் தீர்ப்பளித்தனர். தீர்ப்பைக் கேட்டு மனம் வெதும்பிய அலிசியா கார்ஸா என்ற பெண்மணி, தம் மக்களை நோக்கி முகநூலில் சில வரிகள் எழுதினார். அவற்றின் கருத்தைச் சுருக்கி, முன்னால் அக்குறியை இட்டுப் பரப்பியவர் பேட்ரிஸ் கல்லர்ஸ் என்ற தோழி. ஓபல் டொமெட்டி என்பவர் மூன்றாமவராகச் சேர்ந்தார். இவ்வாறு மூன்று பெண்களின் முயற்சியால் தோன்றிய முழக்கமே 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்பது.

ஓராண்டுக் காலம் அது பெரிதும் கவனிக்கப்படாமலே கிடந்தது. 2014 ஆகஸ்ட் 9இல் மிஸ்ஸூரி மாநிலத்தின் பெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் காவல் அதிகாரி ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் தெருவில் இறங்கினர். காவலர் கவச வண்டிகளோடும் கண்ணீர்ப்புகையோடும் எதிர்கொண்டனர். காஸாவில் போர் நடந்துகொண்டிருந்த அந்நாட்களில், பலஸ்தீனத்தார் சிலர் கண்ணீர்ப்புகையை எப்படிச் சமாளிப்பது என்று பெர்குசன் மக்களுக்கு எழுதி அனுப்பிய செய்தியும் உண்டு. சுட்ட அதிகாரியின் மீது வழக்கில்லை என நவம்பர் 24இல் முடிவானபோது அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் இம்முழக்கம் எழுந்தது.

அதற்கு மறுப்பாக வந்ததுதான் 'ஆல் லைவ்ஸ் மேட்டர்' என்ற முழக்கம். எல்லா உயிர்களுக்கும் மதிப்புண்டு என்பது அதன் பொருள். இதில் என்ன தவறு என்று எவருக்கும் தோன்றும். மேரிலாந்து மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் மார்ட்டின் ஓ'மாலி, 2015 ஜூலையில் பீனிக்ஸ் நகரக் கூட்டமொன்றில் இத்தொடரை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கூட்டம் கூச்சலிட்டது. அன்றே அவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. உண்மையான ஒரு வாக்கியத்தைச் சொன்னவர் ஏன் வருத்தம் தெரிவிக்க வேண்டும்?

தமிழ் இலக்கணம் கற்றவர்களுக்கு இதன் விடை எளிதில் புலப்படும். ஆங்கிலத் தொடரில் நம்முடைய உம்மையும் இல்லை, ஏகாரமும் இல்லை. அதனைத் தமிழாக்க முனைந்தால் நாம் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். 'கறுப்பர் உயிருக்கும் மதிப்புண்டு' என்று எழுதினால் அது எச்சவும்மை. மற்றவர் உயிருக்கு மதிப்பிருப்பதை ஏற்றுக்கொண்டு, விடுபட்டுப்போன ஒன்றை அதனோடு சேர்ப்பது. 'கறுப்பர் உயிருக்கே மதிப்புண்டு' என்று எழுதினால் அது பிரிநிலை ஏகாரம். மற்றவரைப் புறத்தே நிறுத்துவது. முழங்கியவர்கள் கருதியது உம்மையை. எதிர்த்தவர்களின் செவியில் விழுந்ததோ ஏகாரம். 'எல்லா உயிருக்கும் மதிப்புண்டு' என்பதிலும் உம்மை உள்ளது. ஆனால் அது முற்றும்மை. வீட்டில் மூன்று பிள்ளைகள் உண்டிருக்க, உண்ணாத நான்காம் பிள்ளை 'எனக்கும் சோறு' என்று கேட்கையில், 'எல்லார்க்கும் சோறு உண்டு' என்று சொல்லிவிட்டுத் தாய் எழுந்து போய்விட்டால் அப்பிள்ளையின் பசி ஆறுமா? வாக்கியம் உண்மைதான், தட்டுத்தான் காலி!

அரபு மதரஸாக்களில் பலாகத் என்னும் சொல்லணிக் கலையைப் பயின்றோர் வேறொரு வழியாக இவ்விடத்துக்கு வந்து சேர்வர். 'தல்கீஸுல் மிஃப்தாஹ்' முதலிய நூல்களின் தொடக்கத்திலேயே 'முக்தளல் ஹால்' என்பது பேசப்படும். சூழலின் தேவைக்குப் பொருந்தப் பேசுவதே பேச்சின் சிறப்பு என்பது அதன் சாரம். கேட்பவன் ஏதுமறியாதவனாயின் செய்தியை வெறுமனே சொன்னால் போதும். ஐயமுற்றவனாயின் சற்று வலியுறுத்திச் சொல்லலாம். மறுப்பவனாயின், அதாவது 'முன்கிர்' ஆயின், வலியுறுத்தியே தீரவேண்டும். கறுப்பர் உயிரைப் பற்றிய முழக்கம் மறுப்போரை முன்னிறுத்திச் சொல்லப்பட்டது. எல்லா உயிருக்கும் மதிப்பில்லை என்று வெளிப்படையாக மறுத்தவர் எவர்? மறுப்போர் எவருமில்லாத ஒன்றை இத்துணை வலியுறுத்திச் சொல்வதன் நோக்கம், முன்னவன் பேச்சை மூடுவதாகவே பெரும்பாலும் அமைந்துவிடுகின்றது. ஓ'மாலியைப் போன்றோர் அந்நோக்கத்தோடு சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவதாக ஒரு முழக்கம் எழுந்தது. 2014 டிசம்பர் 20இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், காவல் வண்டியில் அமர்ந்திருந்த காவலர் இருவரை ஒருவன் பழிவாங்குவதாகச் சொல்லிச் சுட்டுக் கொன்றான். அதன் பின்னர் 'ப்ளூ லைவ்ஸ் மேட்டர்' என்பது பரவிற்று. நீலம் காவலரின் சீருடை நிறம். இம்முழக்கம் ஊடகத்தோடு நிற்கவில்லை. 2016 மே 26இல் லூசியானா மாநில ஆளுநர் கையொப்பமிட்ட ஒரு சட்டம், காவலர் மீதான தாக்குதலை இனவெறுப்புக் குற்றங்களின் வரிசையில் சேர்த்தது. பத்திரிகைகள் அச்சட்டத்துக்கு இம்முழக்கத்தின் பெயரையே சூட்டின.

முழக்கம் ஒன்று, உண்மை ஒன்று என்பதை இரு தரப்பாரும் மறந்த இடங்கள் உண்டு. பெர்குசனில் பிறந்த இன்னொரு முழக்கம், மைக்கேல் பிரவுன் கைகளை உயர்த்திச் சரணடைந்த நிலையில் சுடப்பட்டார் என்பதை ஆதாரமாகக் கொண்டது. 2015 மார்ச் 4இல் அமெரிக்க நீதித்துறை இரண்டு அறிக்கைகளை ஒன்றாக வெளியிட்டது. முதல் அறிக்கை, அவ்வாறு கூறிய சாட்சிகள் நம்பத் தகுந்தவர்களாக இல்லை என்றும், சுட்ட அதிகாரி மீது வழக்குத் தொடுக்க இடமில்லை என்றும் சொல்லிற்று. இரண்டாம் அறிக்கை பெர்குசன் காவல்துறையைப் பற்றியது. நகர மக்களுள் 67 விழுக்காட்டினரே கறுப்பினத்தவர். ஆயினும் 2012 முதல் 2014 வரை வழியில் நிறுத்திச் சோதிக்கப்பட்ட வாகனங்களில் 85 விழுக்காடும், கைதானோருள் 93 விழுக்காடும் அவர்களே என்று அது கணக்குக் காட்டியது. ஒரு தரப்பார் முதல் அறிக்கையை மட்டும் படித்தனர். மறு தரப்பார் இரண்டாவதை மட்டும் படித்தனர். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு முழங்குவதற்கேற்ற சிறு தொடர் எதுவும் கிடைத்திருக்காது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கின்படி, 2013 ஜூலை முதல் 2016 மார்ச் வரை 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்ற குறி ட்விட்டரில் ஏறத்தாழ 1 கோடியே 18 இலட்சம் முறை எழுதப்பட்டது. 'ஆல் லைவ்ஸ் மேட்டர்' ஏறத்தாழ 15 இலட்சம் முறை. ஆகவே அமெரிக்க மக்களுள் எட்டில் ஏழு பங்கினர் முன்னதன் பக்கம் என்று சொல்லிவிடலாமா? இயலாது. எழுதுவோரின் அளவை முதலில் பார்க்க வேண்டும். 2019இல் அதே மையம் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வயது வந்தோருள் ட்விட்டரைப் பயன்படுத்தியோர் 22 விழுக்காட்டினரே. அவர்களுள்ளும் மிகுதியாக எழுதும் பத்திலொரு பங்கினர், மொத்தப் பதிவுகளில் 80 விழுக்காட்டை எழுதினர். மஹல்லா ஆலோசனைக் கூட்டத்தில் நாலு பேர் மட்டும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை நாம் கண்டதில்லையா?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு குறியை எழுதுபவர் அக்கருத்துக்கு உடன்பட்டவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. மறுப்பதற்கும் அதே குறியைத்தான் எழுதியாக வேண்டும். 'ஆல் லைவ்ஸ் மேட்டர்' என்ற குறியின் கீழ் அதனைக் கண்டித்து எழுதியவர்களே கணிசமாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். இதன் உச்சத்தை 2020 ஜூன் தொடக்கத்தில் உலகம் கண்டது. மே 25இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவல் அதிகாரியின் முழங்காலின் கீழ் மூச்சுத் திணறி இறந்திருந்த நேரம். வெள்ளையர் உயிரைப் பற்றிய எதிர்முழக்கம் ஒன்று ட்விட்டரின் முன்னணிப் பட்டியலில் ஏறிற்று. உள்ளே சென்று பார்த்தால் கொரியப் பாடகர்களின் படங்கள்! அப்பாடகர்களின் இளம் இரசிகர்கள், அக்குறியைப் பயனற்றதாக்கும் பொருட்டுப் படங்களைக் கொட்டி நிரப்பியிருந்தனர். எண்ணிக்கை ஏறியது, பொருள் தலைகீழாகியது. ஜூன் 2இல் நடந்தது இதற்கு மாறானது. அனுதாபம் தெரிவிக்க எண்ணிய கோடிக்கணக்கானோர் இன்ஸ்டகிராமில் வெறும் கறுப்புச் சதுரங்களை 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' குறியோடு இட்டனர். எந்தத் தெருவில் கூடுவது, காயமுற்றோர் எங்கே போவது என்று அக்குறியின் கீழ் எழுதப்பட்டிருந்த செய்திகள் அச்சதுரங்களுக்கு அடியில் புதைந்தன. நண்பர்களின் அன்பினாலேயே வாய் அடைபட்டது.

அந்த முன்னணிப் பட்டியலும்கூட மொத்தத் தொகையைக் காட்டுவதன்று. திடீரென எழும் வேகத்தையே அது பெரிதும் அளக்கின்றது. 2011இல் நியூயார்க் வால் தெருப் போராட்டத்தின் குறி அந்நகரின் பட்டியலிலேயே ஏறாதது கண்டு, நிறுவனம் மறைக்கிறதோ என்று பலர் ஐயுற்றனர். நாள்தோறும் சீராகப் பேசப்படுவது பட்டியலில் ஏறாது. ஒரு மணி நேரத்தில் பொங்குவதே ஏறும் என்பதுதான் விளக்கமாக வந்தது. ஆகவே பட்டியலில் ஏற விரும்புவோர் ஒரே நேரத்தில் சேர்ந்து எழுதக் கற்றுக்கொண்டனர். அமெரிக்காவில் மட்டுமா? நம் நாட்டுக் கட்சிகளும் இன்று அதில் கைதேர்ந்தவை.

மக்கள் கருத்து என்பது இதைவிட மெதுவாகவும் வேறு வழியிலும் அசைவது. 2020 மே 26 முதல் ஜூன் 7 வரையிலான 13 நாட்களில் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' குறி ஏறத்தாழ 4 கோடியே 78 இலட்சம் முறை எழுதப்பட்டது. அந்த ஜூனில் பியூ மையம் மாதிரி எடுத்து வினவியபோது, வயது வந்தோருள் 67 விழுக்காட்டினர் இயக்கத்தை ஆதரித்தனர். செப்டம்பரில் அது 55 ஆகக் குறைந்தது. 2023இல் 51 ஆயிற்று. அலை இறங்கிய பின்னும் பாதிப்பேர் நின்றனர் என்று கொள்வதா, வந்தவர்களில் ஒரு பகுதியினர் மூன்றே மாதத்தில் போய்விட்டனர் என்று கொள்வதா? இரண்டும் சரிதான். ஆனால் இரண்டையும் அந்த நாலே முக்கால் கோடி என்ற எண் நமக்குச் சொல்லாது.

எண்ணிக்கையைக் கண்டு மயங்காதிருக்கும் கலையை ஹதீஸ் துறையினர் நெடுங்காலமாகப் பயின்று வருகின்றனர். ஒரு செய்தி 'முதவாதிர்' ஆவதற்குப் பலர் அறிவிப்பது மட்டும் போதாது. அவர்கள் கூடிப் பேசிப் பொய்யுரைக்க இயலாத நிலையில், ஒவ்வொரு தலைமுறையிலும் பலராக இருத்தல் வேண்டும். கீழே நூறு பேர் அறிவித்திருக்கலாம். மேலே போகப் போக அந்த நூறு கிளைகளும் ஒரே மனிதரிடம் போய்ச் சேருமாயின், நூறு என்ற எண்ணுக்கு அங்கே மதிப்பில்லை. அது ஒருவர் செய்தியே. அப்போது எழுகின்ற வினா, 'எத்தனை பேர்' என்பதன்று; 'அந்த ஒருவர் யார்' என்பது. மாணவர்கள் அறிவிப்பாளர் வரிசையைப் பலகையில் மரம்போல் வரைந்து பழகுகையில், கிளைகள் விரிந்திருப்பதைக் கண்டு முதலில் மகிழ்வர். பிறகுதான் அடிமரத்தைத் தேடுவர். இனி நாம் சொல்லப்போகும் நிகழ்ச்சி அடிமரத்தைத் தேடாததால் விளைந்தது.

டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகர மையத்தில் இஸ்லாமிய தஃவா மையம் உள்ளது. 1928இல் வங்கிக்காகக் கட்டப்பட்ட கற்றூண் மாளிகை அது. புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் அதனை வாங்கிப் பள்ளிவாசலும் கல்வி நிலையமுமாக ஆக்கினார். 2016 மே 21 அன்று நண்பகலில் அதன் முன்னே இரண்டு கூட்டங்கள் திரண்டன. ஒரு கூட்டத்தை அழைத்தது 'ஹார்ட் ஆஃப் டெக்ஸாஸ்' என்ற முகநூல் பக்கம். டெக்ஸாஸ் இஸ்லாமியமயமாவதைத் தடுப்போம் என்பது அழைப்பு. சுமார் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தனர். அவர்களுள் சிலர் துப்பாக்கி ஏந்தியிருந்தனர். வெள்ளையர் உயிரைப் பற்றிய அந்த எதிர்முழக்கம் பதாகையாக விரிந்திருந்தது. சாலையின் மறுபுறம் அவர்களை எதிர்த்து அவர்களைவிடப் பெரிய கூட்டம். அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு, இஸ்லாமிய அறிவைக் காப்போம் என்று அழைத்திருந்தது 'யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பெயர் தாங்கிய வேறொரு முகநூல் பக்கம். நடுவே காவலர் நின்றனர். வசைமொழிகள் பரிமாறப்பட்டன. நல்வாய்ப்பாகத் துப்பாக்கி எதுவும் வெடிக்கவில்லை.

அழைத்தவர்கள் இரு கூட்டத்திலும் இல்லை. 2017 நவம்பர் 1 அன்று அமெரிக்க செனட் சபையின் உளவுத்துறைக் குழு முன்னே இதன் உண்மை வெளியாயிற்று. குழுத் தலைவர் ரிச்சர்ட் பர் இரு அழைப்புகளின் படங்களையும் அவையில் வைத்து விளக்கினார். இரண்டு பக்கங்களையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இயங்கிய 'இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்ஸி' என்ற ஒரே நிறுவனம். பள்ளிவாசலை எதிர்க்க அழைத்ததும் அதுவே. காக்க அழைத்ததும் அதுவே. இரண்டையும் சேர்த்து விளம்பரத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 200 டாலர்!

முஸ்லிம்களின் பெயரால் அழைத்த பக்கத்துக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவாளராகச் சேர்ந்திருந்தனர். அப்பெயரில் உண்மையான ஓர் அமைப்பு அமெரிக்காவில் முன்னரே உண்டு. அதன் பெயரைத் திருடித்தான் இப்பக்கம் நடத்தப்பட்டது. சேர்ந்தவர்கள் அறியாதவர்கள் என்று நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சலாம் சொல்லி, நம் துயரைத் தன் துயராகப் பேசி, நம் பள்ளிவாசலைக் காக்க வா என்று ஒருவர் அழைத்தால், 'நீர் யார், உம் ஊர் எது, யாரிடமிருந்து கேட்டீர்' என்று வினவும் துணிவு நம்முள் எத்தனை பேர்க்கு வரும்? வினவுவதே ஈமானின் குறைவு என்று எண்ணுவோரும் உளரே.

இதே நிறுவனம் 'பிளாக்டிவிஸ்ட்' என்ற பெயரில் கறுப்பின மக்களுக்காகப் பேசும் பக்கம் ஒன்றையும் நடத்திற்று. அதனை விரும்பியோர் 3,60,000 பேர். 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்தின் உண்மையான முகநூல் பக்கத்தை விரும்பியோரோ அப்போது சுமார் 3,01,000 பேர். போலி அசலை மிஞ்சியது! காவலரை ஆதரிக்கும் பக்கத்தையும் அந்நிறுவனமே வைத்திருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2016இல் கறுப்பர் உயிர், காவலர் உயிர், எல்லா உயிர் என்ற மூன்று முழக்கங்களைச் சூழ்ந்து நடந்த உரையாடலை வரைபடமாக்கியபோது, மக்கள் ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பெருந்திரள்களாகப் பிரிந்திருந்தனர். அந்நிறுவனத்தின் கணக்குகள் இரண்டு திரள்களுக்குள்ளும் இருந்தன. அங்கே கறுப்பரின் கோபமாகவும், இங்கே வெள்ளையரின் அச்சமாகவும் வேடம் பூண்டு பேசியவர்கள் ஒரே கட்டடத்தில் கூலிக்கு அமர்ந்து எழுதியவர்களே.

இதைக் கொண்டு, போராட்டம் முழுவதும் அந்நியர் கிளப்பிவிட்டது என்று கைகழுவியோரும் உண்டு. அது பெரும் அநீதி. முழக்கத்தைத் தொடங்கிய மூன்று பெண்களும் உண்மை, மாண்டவர்களும் உண்மை, பெர்குசன் காவல்துறையின் 93 விழுக்காடும் உண்மை. புண் இருந்த இடத்தில்தான் ஈ வந்து மொய்த்தது. அமெரிக்கரின் பல பிரிவினருள் கறுப்பின மக்களையே அந்நிறுவனம் மிகுதியாகக் குறிவைத்தது என்று 2019இல் செனட் குழுவின் அறிக்கை கூறிற்று. முந்தைய காயம் இல்லாத சமூகத்தில் இச்சூழ்ச்சிக்கு என்ன வேலை?

இந்நிறுவனத்தின் பதிவுகள் 12 கோடியே 60 இலட்சம் அமெரிக்கரின் பார்வைக்குச் சென்றிருக்கக்கூடும் என்று முகநூல் நிறுவனமே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2018 பிப்ரவரி 16இல், ரஷ்யர் 13 பேர் மீதும் 3 நிறுவனங்கள் மீதும் குற்றச்சாட்டுப் பதிவாயிற்று. அந்த 13 பேருள் எவரும் அமெரிக்க நீதிமன்றத்தில் வந்து நிற்கவில்லை. செலவை ஏற்றவர் எவ்கெனி பிரிகோஷின் என்ற செல்வர். நெடுநாள் மறுத்து வந்த அவர், அமெரிக்கத் தேர்தல்களில் தலையிட்டதை 2022 நவம்பரில் தாமே ஒப்புக்கொண்டார். அந்நிறுவனத்தைத் தொடங்கியவர் தாமே என்பதை 2023 பிப்ரவரியில் சொன்னார். அவ்வாண்டு ஆகஸ்டில் விமானம் விழுந்து இறந்தார். ஹூஸ்டன் தெருவில் எதிரெதிரே நின்று வசைபாடியவர்களுக்கு, தங்களை அங்கே நிறுத்தியது யார் என்பது தெரிய ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.